எந்த நாட்டு இயர்புக்கை எதற்குப் புரட்டுவது

காரைக்குடிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில், குறிப்புதவி அலமாரியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தே என் வேலைக்காலம் போயிற்று. அந்த மேசையைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு வகை. "அக்கா, இந்தப் புக்குல ஒரு நம்பர் இருக்கு, அந்தப் புக்குல வேற நம்பர் இருக்கு, எதை எழுதறது?" என்பார்கள். வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்த தடிப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. "ஏம்மா, ரங்கூன்ல எங்க ஐயா கடை வச்சிருந்தாக. அவுக பேரு இதுல இருக்குமா?" என்று ஆச்சி கேட்பார்.

இரண்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது ஒரே வேலைதான். பஞ்சாங்கத்தில் அகசை, அதாவது பகல் பொழுதின் அளவைப் பார்க்கும்முன் அது எந்த ஊருக்குக் கணித்தது என்று பார்ப்போமே, அதே மாதிரி இயர்புக் என்கிற ஆண்டு நூலைத் திறந்ததும் இது எந்த நாட்டில் இருந்துகொண்டு எழுதியது, எந்தத் தேதி வரைக்குமான கணக்கு, எந்த எல்லைக்குள் எண்ணியது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் ஒரு எண்ணை எடுத்தால் அது வெறும் எண்தான்.

அட்டை ஆண்டு

அட்டையில் போட்டிருக்கும் ஆண்டு விற்பனைக்கான ஆண்டு. 2020 என்று அட்டை போட்டு வருவது 2019 கடைசியிலேயே கடைக்கு வந்துவிடும். பக்கங்கள் அதற்கும் முன்பே தயாராகியிருக்கும். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் பிரிந்தது. அதுவரை 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம். அன்றிலிருந்து 28 மாநிலம், 9 யூனியன் பிரதேசம். 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியையும் டாமன் டையூவையும் ஒன்றாக்கியதும் 28, 8. மூன்று மாதத்துக்குள் மூன்று விடை. மூன்றையும் மூன்று புத்தகத்தில் பார்க்க முடியும். எதிலும் அச்சுப்பிழை கிடையாது.

தமிழ்நாட்டு மாவட்டங்களும் இப்படித்தான். ரொம்ப நாள் 32. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு சேர்ந்து 37. மயிலாடுதுறையோடு 38. நம்மூர் விஷயத்தில், காரைக்குடியை நகராட்சி என்று போட்டிருந்தால் அந்தப் பக்கம் 2024க்கு முந்தையது; இப்போது மாநகராட்சி.

ஆகவே முதலில் பதிப்புரைக்குப் போங்கள். "இன்ன மாதம் வரையிலான தகவல்கள்" என்று ஒரு வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் அந்த ஆண்டின் நிகழ்வுகள் பகுதியில் கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று பாருங்கள். புத்தகம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

அட்டவணைக்கும் ஒரு தேதி உண்டு

புத்தகத்தின் தேதி தெரிந்தால் மட்டும் போதாது. உள்ளே ஒவ்வொரு அட்டவணையும் தனித்தனி வயசுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல பாடம். முதலில் தற்காலிகக் கணக்கு வந்தது. பிறகு இறுதிக் கணக்கு. தற்காலிகத்தில் தமிழ்நாடு 7,21,38,958 பேர், எழுத்தறிவு 80.33 சதவீதம், ஆயிரம் ஆணுக்கு 995 பெண். இறுதியில் 7,21,47,030 பேர், 80.09 சதவீதம், 996 பெண். 2012 வாக்கில் வந்த புத்தகங்களில் முதல் வரிசை இருக்கும். அதைப் பார்த்துக் குறிப்பு எழுதிய அண்ணன் தம்பிக்குக் கொடுத்து, தம்பி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, அந்த 80.33 இன்னும் நோட்டுக்கு நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் "தற்காலிகம்" என்று போட்டிருந்ததை யாரும் நகல் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்தது 2027க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் இப்போதைய இயர்புக்கில் 121 கோடி என்று பார்த்தால் அது 2011இல் எண்ணியது. 140 கோடிக்கு மேல் என்று பார்த்தால் அது மதிப்பீடு, எண்ணியது அல்ல. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அங்கே விகிதாசாரக் கணக்குப் போடாதீர்கள்.

உள்நாட்டுப் புத்தகம், வெளிநாட்டுப் புத்தகம்

இந்தியாவின் அண்டை நாடுகள் எத்தனை? நம் அரசுக் கணக்கில் ஆப்கானிஸ்தானும் உண்டு, 106 கிலோமீட்டர் எல்லை. வெளிநாட்டு ஆண்டு நூல்கள் பலவற்றில் அந்தப் பெயரே இருக்காது. அந்த எல்லை பாகிஸ்தான் வசம் உள்ள காஷ்மீர்ப் பகுதியில் இருக்கிறது. அதை நாம் நம் நாடு என்று எண்ணுகிறோம், அவர்கள் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு எழுதிவிடுகிறார்கள். தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: நம் நாட்டு விடைத்தாளுக்கு நம் நாட்டுக் கணக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடற்கரை நீளத்திலோ நம் நாட்டுப் புத்தகங்களுக்குள்ளேயே இரண்டு விடை. பல காலம் 7,516.6 கிலோமீட்டர் என்று படித்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24க்கான அறிக்கையில் அது 11,098.81 ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக்கு 906.9 என்பது 1,068.69 ஆயிற்று. கடல் வளரவில்லை; முன்பு சிறிய அளவில் வரைந்த வரைபடத்தில் அளந்ததை இப்போது நுணுக்கமான வரைபடத்தில் வளைவு நெளிவோடு அளந்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் புத்தகத்தில் மொத்தமாக 7,000 என்று இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, எந்தப் புத்தகத்தை எதற்கு எடுப்பது? வெளியீட்டுப் பிரிவு 1953 முதல் கொண்டுவரும் இந்திய அரசின் ஆண்டுக் குறிப்பு நூலை, அரசமைப்பு, துறைகள், திட்டங்கள், நாட்டுச் சின்னங்கள் ஆகியவற்றுக்கு எடுங்கள். இந்தியில் அதே நூல் 'பாரத்' என்று வருகிறது. அமைச்சகங்கள் கொடுத்ததைத் தொகுத்தது அது. எனவே ஒரு திட்டம் எப்போது தொடங்கியது என்பதற்கு அது சாட்சி, எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. மனோரமா இயர்புக் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் இன்னும் சில மொழிகளிலும் வருகிறது. ஒன்றின் மொழிபெயர்ப்புதான் மற்றது என்று நினைத்துக்கொண்டு தமிழை மட்டும் வாங்கினால் போதும் என்பவர்கள் உண்டு, ஆங்கிலமே உசத்தி என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் அவரவர் மாநிலத்து விவரம் கூடுதலாக வேண்டியிருக்கும். அதற்கேற்ப பக்கம் ஒதுக்குவார்கள். தமிழ்நாட்டு விஷயத்துக்குத் தமிழ், உலக அட்டவணைகளைச் சரிபார்க்க ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வேன். தமிழில் எண்ணைப் படிக்கும்போது ஒரு சின்னச் சோதனை எப்போதும் போடுங்கள்: பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். மாற்றி எழுதும்போது ஒரு பூஜ்யம் தவறினால் இதில் மாட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் 'விட்டேக்கர்ஸ் அல்மனாக்' லண்டனிலும் 'வேர்ல்ட் அல்மனாக்' நியூயார்க்கிலும் ஒரே ஆண்டில், 1868இல் தொடங்கின. இரண்டுமே உலகம் முழுவதையும் சொல்வதாகத்தான் தோன்றும். ஆனால் விட்டேக்கர்ஸில் பார்லிமெண்ட் உறுப்பினர், பிரபுக்கள் பட்டம் என்று பிரிட்டன்தான் தடியாக இருக்கும். சூரிய உதயம்கூட அவர்கள் ஊருக்கு. மற்றதில் அமெரிக்க மாநிலங்களும் பேஸ்பாலும் பக்கம் பக்கமாகப் போகும், இந்தியாவுக்குச் சில பக்கம் கிடைத்தால் அதிகம். நாடு நாடாக நிதானமாகப் படிக்க 1864இல் ஆரம்பித்த 'ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர்புக்'தான் என் கட்சி. ஜெர்மானியர்களின் 'ஃபிஷர் வெல்ட்அல்மனாக்' 2019க்கான பதிப்போடும், பிரெஞ்சுக்காரர்களின் 'கிட்' 2007க்கான பதிப்போடும் நின்றுபோயின. கையில் கிடைத்தால் அந்தந்த நாட்டுச் செய்திக்கு வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் புத்தகத்தில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 3.287.263 என்று இந்தியாவின் பரப்பைப் பார்த்து ஒரு பையன் மூன்று சதுர கிலோமீட்டரா என்று கேட்டான்.

பெட்டகத்துப் புத்தகங்கள்

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருவோம். எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டிக் கடை நடத்தப் போன செட்டியார் குடும்பம் எந்தச் சீமையில் இருந்ததோ அந்தச் சீமையின் புத்தகம்தான் வேண்டும். கொழும்பு என்றால் 'ஃபெர்குசன்ஸ் டைரக்டரி'; தேயிலை, ரப்பர், தென்னந்தோட்டங்களை உரிமையாளர் பெயரோடு போட்டிருப்பார்கள். சிங்கப்பூர், பினாங்கு என்றால் 'சிங்கப்பூர் அண்ட் ஸ்ட்ரெய்ட்ஸ் டைரக்டரி'. ரங்கூனுக்குக் கல்கத்தாவில் அச்சான 'தாக்கர்ஸ் இந்தியன் டைரக்டரி'யைத் தேடலாம், ஏனென்றால் பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னை வியாபாரத்துக்கு லாரன்ஸ் அசைலம் அச்சகத்தின் அல்மனாக். இவற்றில் நாட்டுக் குறிப்பும் சட்டமும் விடுமுறைப் பட்டியலும் ஒரு பாதி, பெயர்களும் முகவரிகளும் மறுபாதி. 1914 முதல் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா போட்ட 'இந்தியன் இயர் புக்' வேறு ஜாதி; அதில் பெரிய மனிதர்கள் பட்டியல் இருக்கும், கடைக்காரர் பட்டியல் இராது. தடியாக இருக்கிறதே என்று அதில் ஐயா பெயரைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

பெயரைத் தேடும் முறை இது. முதலில் வீட்டில் விலாசத்தை (முகவரி அல்ல, கடைக்கு அடையாளமாக இருந்த பெயர்ச் சுருக்க எழுத்துகளை) கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். அப்புறம் அதன் ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். அரு. என்பது ஏஆர் ஆகும், பழ. என்பது பிஎல், சித. என்பது சிடி, சுப. என்பது எஸ்பி, கரு. என்பது கேஆர். இராம. என்பது ஆர்எம், வெறும் ஆர் என்று சுருங்கியும் இருக்கலாம். ஆக ஒரு விலாசத்துக்கு நாலைந்து வடிவம் எழுதிக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். செட்டியார் என்பதை செட்டி, செட்டியார், செட்டியர் என்று பலவிதமாக எழுத்துக் கூட்டியிருப்பார்கள். சிலவற்றில் 'செட்டி' என்பதையே குடும்பப் பெயராக எடுத்து ஆங்கிலச் 'சி' வரிசையில் அத்தனை பேரையும் அடுக்கியிருப்பார்கள். சிலவற்றில் விலாசத்தின் முதல் எழுத்தில். இரண்டிலும் பாருங்கள்.

பெயரில் அகப்படவில்லையா, தெருவில் தேடுங்கள். ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு என்று நம்மவர்கள் சேர்ந்தே இருந்தார்கள். கொழும்புத் தெருவை ஆங்கிலத்தில் 'ஸீ ஸ்ட்ரீட்' என்று போட்டிருக்கும். தெரு வரிசைப் பட்டியல் இருக்கிற பதிப்பில் அந்தத் தெருவை முழுக்கக் கீழே வரை படியுங்கள். ஒரு கிட்டங்கியில், அதாவது ஒரே பொதுக் கட்டடத்தில், பல கடைகள் இருந்திருக்கும் என்பதால் ஒரே கதவு எண்ணுக்கு நேரே விலாசம் விலாசமாக வரும். அதில் ஒன்றைப் பார்த்ததும் ஆச்சி, "இது எங்க பங்காளி வீட்டு விலாசம், அப்ப எங்களதும் இங்கனதான் இருக்கணும்" என்பார். பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் கடை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளூரில் இருந்து வட்டிக்கடை நடத்திய சிறிய கடைகளை டைரக்டரிக்காரர்கள் எல்லாம் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. பர்மாவின் ஐராவதி டெல்டாப் பக்கத்துச் சின்ன ஊர்களில் விட்டுப்போவது சகஜம்.

நம் பக்கத்து ஊரைத் தேடும்போதும் எல்லை முக்கியம். காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் 1910க்குப் பிறகு ராமநாதபுரம் மாவட்டம். புத்தகத்தில் 'ராம்நாட்' என்று இருக்கும். அதற்கு முந்தைய புத்தகமென்றால் மதுரை மாவட்டத்தில் பாருங்கள். 1985க்குப் பிறகுதான் சிவகங்கைப் பக்கம். ராயவரத்துக்காரர்கள் சென்னை மாகாணத்தில் தேடித் தேடி அலுத்துப்போவார்கள். 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம். ஆண்டு நூலில் 'இந்தியன் ஸ்டேட்ஸ்' என்ற தனிப் பகுதியில் இருக்கும். மலாயாவும் பழைய விட்டேக்கர்ஸில் அந்நிய நாடுகள் பட்டியலில் வராது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பகுதியில் வரும்.

பர்மா கணக்கில் ஒரு கண்ணி

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1931 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 35.28 கோடி, அதில் பர்மாவின் 1.47 கோடியும் சேர்த்தி. 1937க்குப் பிறகு வந்த சில புத்தகங்களில் அதே 1931க்கு 33.82 கோடி என்று இருக்கும், பர்மாவைக் கழித்துவிட்டுப் போட்டது. 1941இல் 38.9 கோடி. பழைய புத்தகத்து 35.28ஐயும் புதிய புத்தகத்து 38.9ஐயும் வைத்துப் பத்தாண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டால் பத்து சதவீதம் என்று வரும். சரியாகச் செய்தால் பதினைந்து. ஒரு பட்டியலிலிருந்து ஒரு எண், இன்னொரு பட்டியலிலிருந்து இன்னொரு எண் என்று எடுக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். இரண்டு எண்ணும் ஒரே அட்டவணையிலிருந்து வரட்டும்.

பணத்துக்கும் ஆண்டு நூல் உதவும். வீட்டுப் பேரேட்டில் மலாயாக் கணக்கு 'வெள்ளி'யில், அதாவது அந்தச் சீமை டாலரில் இருக்கும். செலாவணிப் பக்கத்தைப் பாருங்கள்: 1906 முதல் ஒரு ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். 1927 முதல் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ், 18 பென்ஸ். ஆக 9 வெள்ளிக்கு 14 ரூபாய். 900 வெள்ளி ஊருக்கு அனுப்பியதாக எழுதியிருந்தால், உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) கூலியை விட்டுவிட்டு 1,400 ரூபாய். பர்மாவில் ரூபாயேதான், மாற்ற வேண்டியதில்லை.

எங்கே கிடைக்கும், எப்படி நகல் எடுப்பது

புதியவை மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும். பழையவற்றுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம். கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களால் உருவான ஆராய்ச்சி நூலகமும் சென்னையில்தான் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். தாக்கர்ஸ், விட்டேக்கர்ஸ், இந்தியன் இயர் புக் ஆகியவற்றின் பழைய பதிப்புகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கின்றன. அங்கே தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பொடி எழுத்தில் உள்ள விலாசங்களைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். சில பழைய நூல்களில் இண்டெக்ஸ் முன்பக்கமே இருக்கும், கடைசியில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் எப்போதாவது ஒன்று வரும். அட்டை அழகைப் பார்த்து விலை சொல்வார்கள். நீங்கள் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராமபாணப் பூச்சி அட்டை ஓரத்தைத் தின்றிருந்தால் பரவாயில்லை, உள்ளே எழுத்து வரைக்கும் துளை போயிருந்தால் வேண்டாம்.

வேண்டிய பக்கம் கிடைத்ததும் செல்போனில் மூன்று படம் எடுங்கள். முதலில் ஆண்டும் ஊரும் அச்சிட்டவர் பெயரும் உள்ள தலைப்புப் பக்கம். அடுத்து அந்தப் பகுதி தொடங்கும் பக்கம், எந்த மாகாணம், எந்த நாடு என்று தெரிகிற மாதிரி. மூன்றாவதாக உங்களுக்கு வேண்டிய பக்கம், அடிக்குறிப்பு வெட்டுப்படாமல்.